ரெண்டு டியூபும் ஒரே மட்டம்

விரல் தெரிகிற செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது, துப்பட்டாவை இழுத்து முடிந்துகொள்ளவேண்டும், தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று சௌந்தரவல்லியின் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. நல்ல வாய் அது. வருஷக்கணக்காய் இதே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி, இப்போது அவள் தயவு இல்லாமலே வேலை பார்க்கும். பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் எந்த மெஷினைத் தொடவேண்டுமானாலும் முதலில் வல்லி மேடத்தின் வகுப்பில் உட்காரவேண்டும், பிறகு அவள் கண்முன்னால் ஒருதரம் செய்துகாட்டவேண்டும், அவள் தலையாட்டினால்தான் கூடத்துக் கதவைத் திறக்கிற அட்டை வேலை செய்யும். பேராசிரியரே வந்து நின்றாலும் சட்டம் அதுதான். அந்தச் சட்டத்தின்மேல் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமா! ஒரு துறைத்தலைவரைச் செருப்புக்காக வாசலோடு திருப்பி அனுப்பியதை அவளே எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு வாய் மட்டும் வகுப்பெடுத்தது. மனசு முன்வரிசையின் ஓரத்து நாற்காலியையே சுற்றி வந்தது. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாய்த்தான் வந்தாள். பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேதான் போய்த் தொலைத்தது. புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நடுவில், நாலாம் வருஷ ஆராய்ச்சி மாணவி இசக்கியம்மாள், ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குறிப்பு வேறு எடுத்தாள், பாவி மகள். செருப்பைப் பற்றிச் சொன்னதைக்கூட விடாமல் எழுதினாள்.

போன மாதம் கூடத்தின் பெரிய சென்ட்ரிஃப்யூஜ் உடைந்தது. உடைத்தது இசக்கிதான் என்று, சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத இந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தக் கட்டடத்தில் எது மறைந்திருக்கிறது? கரைசல் நிரப்பிய டியூப்களை ஒரு கனத்த சக்கரத்தில் எதிரெதிரே செருகி, கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் சுற்றி, கனமானதை அடியிலும் லேசானதை மேலேயும் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அது. எதிரெதிரே இருக்கிற ரெண்டு டியூபும் ஒரே எடையாக இருக்கவேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சக்கரம் ஆட்டம் கண்டு பிய்த்துக்கொண்டு போகும். இசக்கி ஒரு டியூபில் கெட்டியான சர்க்கரைக் கரைசலும் எதிர் டியூபில் வெறும் தண்ணீரும் ஊற்றி, ரெண்டையும் ஒரே மட்டத்துக்கு நிறுத்தி, மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அந்த நேரம் வல்லி தன் அறையில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து பீரோவைத் தள்ளிவிட்ட மாதிரி ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடியெல்லாம் சடசடவென்று அதிர்ந்து அடங்கியது, அப்புறம் ஒரு மௌனம். அம்மாடி, அந்த மௌனம்! அதற்குள் அவள் எத்தனை சாவு பார்த்துவிட்டாள். ஓடினாள். இசக்கி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் இல்லை, கை இருந்தது, கால் இருந்தது, கண் இருந்தது. காது அடைத்துப்போய், தான் எவ்வளவு சத்தமாய்ப் பேசுகிறோம் என்று தெரியாமல் கத்தினாள்: "மேடம், மட்டம் சரியாத்தான் இருந்திச்சு! நீங்க காட்டின மாதிரியே கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்த்தேன் மேடம்!" காட்டின மாதிரியே. அந்த ஒரு வார்த்தை போதும். வேறு யாரும் பக்கத்தில் இல்லை, கேட்டது வல்லியின் காது மட்டும்தான். நடந்தது என்ன, நடத்தியது யார் என்பது அந்த இடத்திலேயே, மெஷினுக்குள் இன்னும் புகை அடங்காதபோதே, அவளுக்கு விளங்கிவிட்டது.

இப்போது திரையில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. டியூப்களைத் தராசில் வைத்து எடை சமன்செய்யவும் என்று கறுப்பு எழுத்தில், நல்ல பெரிய எழுத்தில். இத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷமும் அவள் அதை ஒரு சொடுக்கில் தாண்டிப் போயிருக்கிறாள், எழுதித்தான் இருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்று. ஆரம்பத்தில் அப்படி இல்லை, சத்தியமாய் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டியூப்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு, பிள்ளைகளைப் பின்னால் வரச்சொல்லி, பக்கத்து அறைக்குப் போய், தராசில் ஒவ்வொன்றாய் வைத்து, சொட்டுச் சொட்டாய் விட்டு எடையைச் சரிசெய்துகாட்டுவாள். பிறகு பக்கத்து அறையின் சாவி வேறு ஒருத்தர் கைக்குப் போயிற்று. ஒவ்வொரு தரமும் அவரைத் தேடிப்பிடித்து, தலையைச் சொறிந்து நிற்கவேண்டும். சர்க்கரைக் கரைசல் கலந்தால் கை பிசுக்குப் பிடிக்கும், ஒரு துளி சிந்தினாலும் மறுநாள் மேஜை பூராவும் எறும்பு, சக்கரத்தை வெந்நீர் விட்டுக் கழுவவேண்டும். காட்டத்தானே போகிறோம், ரெண்டிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் என்ன? ரெண்டிலும் தண்ணீர் என்றால் மட்டம் பார்த்தாலே போதுமே, தராசு எதற்கு? எங்கே தப்பு? தப்பே இல்லை. ரெண்டு டியூபையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பார்த்தீங்களா, ரெண்டும் ஒரே மட்டம், இப்படித்தான் சமன் பண்ணணும் என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறாள், வருஷம் வருஷம், வகுப்பு வகுப்பாக. இத்தனைக்கும் வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவள். ஒரு கரண்டிப் பாகும் ஒரு கரண்டித் தண்ணீரும் ஒரே கனமா என்று அடுப்படியில் யாராவது கேட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மற்ற பிள்ளைகளெல்லாம் அவரவர் ஆய்வகத்து மூத்தவர்களிடம் கேட்டுத் தராசுக்குப் போய்ப் பிழைத்திருக்கிறார்கள் போலும். இசக்கியின் ஆய்வகத்தில் மூத்தவர்கள் யாரும் இல்லை. அவள் வல்லி மேடத்தை நம்பினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அத்தோடு நின்றிருந்தால்கூட ஏதோ சோம்பல், ஏதோ கவனப்பிசகு என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். விசாரணைக்குழுவில் நடந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? கூடத்தின் இயக்குநர் ஹென்றி சாலமோன் நல்ல மனுஷன், யாரையும் அதட்டிப் பேசாதவர். "வல்லி, ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்கிறேன், எடை போடணும்னு வகுப்புல சொல்லித்தானே கொடுக்கிறீங்க?" என்றார். சம்பிரதாயத்துக்கு! சொல்லித்தானே! பதிலையும் அவரே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் கொஞ்சம் தண்ணீர் குடித்திருக்கலாம். யோசிச்சுச் சொல்றேன் சார் என்றிருக்கலாம். "சொல்லியிருக்கேன் சார், செஞ்சும் காட்டியிருக்கேன்" என்று வந்தது. திரையில் இருக்கிறது சார் என்றாவது நிறுத்தியிருக்கக்கூடாதா? அது பாதிப் பொய்தானே ஆகியிருக்கும்? செஞ்சும் காட்டியிருக்கேன். யார் கேட்டார்கள் அதை? எங்கிருந்து வந்தது அந்த இரண்டாவது பாதி? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு எப்போதும் மாட்டிக்கொள்ளும், சேலை முள்ளில் மாட்டினது போல. இந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியும், அந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியும். பிறகு சாலமோன் இசக்கியைப் பார்த்து, மேடம் காட்டினாங்களா அம்மா என்று கேட்டார். இசக்கி மேஜையையே பார்த்தாள். "ஞாபகம் இல்ல சார்" என்றாள்.

ஞாபகம் இல்லையாம். காதடைத்துக் கிடந்தபோது கத்திச் சொன்னவளுக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா? அவள் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று வல்லிக்கு அப்போதே புரிந்துபோயிற்று. தன் பாதி வயசுகூட ஆகாத பெண், காட்டிக்கொடுக்கவேண்டாம் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து வல்லிக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாகவே இறங்கியது. வீட்டுக்காரர் கதிரேசனிடம் சொன்னபோது, "கவனம் கெட்ட பிள்ளைங்க, நீ என்ன பண்ணுவ" என்றார். அவர் சொன்ன ஆறுதலையும் தொட்டுக்கொண்டு அவள் இன்னொரு தோசை போட்டுச் சாப்பிட்டாள். சே, என்ன ஜென்மம்! அந்தத் தோசையை நினைத்தால் இப்போதும் முகம் காந்துகிறது. இசக்கியின் அம்மா வேறு போன் பண்ணிவிட்டாள், ராதாபுரம் பக்கத்திலிருந்து. "பிள்ளை தப்புப் பண்ணிட்டான்னு அழுதுக்கிட்டே கெடக்காம்மா. நீங்க எல்லாம் நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீகளாம். அவளுக்குத்தான் புத்தி எங்கேயோ போயிருக்கு. கொஞ்சம் மனசு வெச்சுப் பார்த்துக்கிடுங்க" என்றாள். அம்மாவிடம்கூட மறைக்கிறாளே என்று வல்லி போனைக் காதில் வைத்துக்கொண்டு கூனிக்குறுகி நின்றாள். சரிங்க, பார்த்துக்கிறேன் என்றாள். பார்த்துக்கொள்வதாம்! இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் குழு மறுபடி கூடுகிறது. மாணவியின் அலட்சியம் என்று அறிக்கை முடிந்துவிட்டால், அலட்சியக்காரிக்கு என் ஆய்வகத்தில் இடமில்லை என்று அவளுடைய வழிகாட்டி ராமபத்ரன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நாலு வருஷப் படிப்பு அத்தோடு போச்சு. வல்லி மேடம் எழுந்து நின்று, நான் காட்டவில்லை சார் என்று மூன்றே மூன்று வார்த்தை சொன்னால் அறிக்கையே மாறிப்போகும்.

"இப்ப இசக்கி செஞ்சு காட்டுவாங்க" என்றது வாய். குழு வைத்த நிபந்தனை அது: புதுப்பிள்ளைகளோடு உட்கார்ந்து, எல்லார் எதிரிலும் செய்துகாட்டித் தேறவேண்டும். இசக்கி எழுந்து வந்தாள். தராசு இப்போது இதே அறைக்கு வந்துவிட்டது, உடைந்த மறுவாரமே சாலமோன் வாங்கிப் போட்டுவிட்டார். டியூபை வைத்தாள், எண் அசையாமல் நிற்கிறவரை கையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு காத்திருந்தாள், எதிர் டியூபை வைத்தாள், ஒரு சொட்டு விட்டாள், இன்னும் ஒரு சொட்டு விட்டாள், போதாதென்று முதல் டியூபை மறுபடியும் எடுத்து வைத்துப் பார்த்தாள். வல்லியின் கைதான் இத்தனை பாடும் பட்டிருக்கவேண்டும். அது சேலைத் தலைப்புக்குள் சுகமாய் இருந்தது. சின்ன மெஷினில் டியூப்களைச் செருகி, மூடி, பொத்தானை அழுத்துகிறபோது இசக்கி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டதை வல்லி பார்த்துவிட்டாள். மெஷின் மெல்ல முனகி, வேகமெடுத்து, ஒரே சுருதியில் நின்றது. பாதத்துக்கடியில் தரை லேசாய் அதிர்ந்தது. அது சுற்றி முடிக்கிறவரை வகுப்பில் எப்போதும் பேச்சிருக்காது, பிள்ளைகள் திருட்டுத்தனமாய்ப் போன் பார்ப்பார்கள், அவளும் கண்டும் காணாமல் விடுவாள். அந்த அதிர்வு கணுக்கால் வழியாய் ஏறிவரும்போது அவளுக்கு வழக்கமான பயம் வந்தது. பெரிய மெஷினின் மூடி தாங்காமல் போயிருந்தால்? அந்த இரும்பு அன்றைக்குக் கைவிட்டிருந்தால்? அவள் ஆரஞ்சுத் தோலோடு ஓடிவந்து எதைப் பார்த்திருப்பாள்? ராதாபுரத்து அம்மாவுக்கு யார் போன் பண்ணியிருப்பார்கள்? அப்போதும் சாலமோன் சம்பிரதாயத்துக்குக் கேட்டிருப்பார். அப்போதும் இந்த வாய் சொல்லியிருக்கேன் சார் என்று சொல்லியிருக்குமா? சொல்லியிருக்கும் என்று தோன்றியது. அதுதான் தாங்கவில்லை. செத்தவள் வந்து மறுக்கப்போவதில்லை என்று இன்னும் தெம்பாகவே சொல்லியிருக்கும். இல்லை, இன்றைக்கு நாலு மணிக்குச் சொல்லிவிடுவேன். எப்படி ஆரம்பிப்பது? சார், போன தடவை நான் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். சின்னத் திருத்தமாம், வெட்கங்கெட்டவள். சார், நான் பொய் சொன்னேன். சொன்னால் என்ன ஆகும்? வேலை போகாது. திட்டுவார்கள், ஒரு எச்சரிக்கை கொடுப்பார்கள். பிறகு இந்த நாற்காலிகளில் ஒன்றில் அவளையும் உட்காரவைத்து வேறு யாராவது அவளுக்குச் செருப்பைப் பற்றிச் சொல்வார்கள். கண்டிப்பான வல்லி மேடம் என்கிற பேர் போய்விடும். ஒரு பேருக்காகவா? ஆமாம், ஒரு பேருக்காகத்தான். வேறு ஒன்றுமே இல்லை என்பதுதான் அசிங்கம்.

"மேடம், ஒரு சந்தேகம்." இரண்டாம் வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட பெண், பேர் நிவாஷினியோ என்னவோ. "இவ்வளவு மெனக்கெட்டு எடை போடணுமா? ரெண்டையும் ஒரே மட்டத்துக்கு ஊத்தினாப் பத்தாதா?" ஒரு தலையும் வல்லியின் பக்கம் திரும்பவில்லை, எல்லாம் இசக்கியின் பக்கம்தான் திரும்பின. வல்லி வாயைத் திறந்தாள். ஆச்சரியம், அதற்கு இப்போது ஒன்றும் வரவில்லை. இசக்கிதான் பேசினாள். "பத்தாதும்மா. அப்படி நெனைச்சுத்தான் நான் பெரிய மெஷினை உடைச்சேன்" என்றாள். குரல் சாதாரணமாய் இருந்தது. "எனக்குச் சொல்லித் தராம இல்ல. மேடம் அன்னிக்கு என்னைப் பக்கத்து ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, தராசுல வெச்சு, சொட்டுச் சொட்டா விட்டுக் காட்டினாங்க. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. நான்தான் அவசரத்துல மறந்துட்டேன். யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், போன வாரந்தான் எல்லாம் ஞாபகம் வந்திச்சு."

கண்ணுக்குள் நிற்கிறதாம். நடக்காதது! வல்லி அவள் முகத்தையே பார்த்தாள், ஒரு கண்சிமிட்டல், ஒரு கேலி, தெரியும் மேடம் சும்மா சொல்கிறேன் என்கிற ஒரு ஜாடை, ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. அந்த முகத்தில் சுத்தமான குற்ற உணர்ச்சி மட்டும்தான் இருந்தது. ஐயோ, இவள் யாரையும் காப்பாற்றவில்லை. அன்றைக்கு நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் ஞாபகம் இல்லை என்றிருக்கிறாள். மேடம் சொல்லியிருக்கேன் என்றால் சொல்லித்தான் இருப்பாங்க என்று, ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்து, இல்லாத தராசை, இல்லாத சொட்டை, போகாத பக்கத்து அறையை ஒவ்வொன்றாய்த் தனக்குள்ளே உண்டாக்கி வைத்திருக்கிறாள். மெஷினைக் கெடுத்தது போதாதென்று இந்தப் பிள்ளையின் புத்திக்குள்ளேயும் கையை விட்டாயிற்று. "இல்ல" என்றாள் வல்லி. அவள் குரல் அவளுக்கே புதுசாய்க் கேட்டது. "இல்ல இசக்கி. நான் காட்டலை. எந்த ரூமுக்கும் கூட்டிட்டுப் போகலை. ரெண்டுலயும் தண்ணி ஊத்தி, மட்டம் பார்த்தாப் போதும்னுதான் சொல்லிக்கொடுத்தேன். தப்பு என்னோடது." வந்துவிட்டது. அப்பாடா, வந்தேவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கியின் கண் நிறைந்து வழிந்தது. "வேண்டாம் மேடம்" என்றாள், கையைப் பிடித்துக்கொண்டாள், ஜில்லென்ற கை. "எனக்காக நீங்க பழியை ஏத்துக்காதீங்க. எங்கம்மா பேசினதுல மனசு எளகிட்டீங்க, எனக்குத் தெரியும். நீங்க எப்படிச் சொல்லித்தருவீங்கன்னு இந்தக் கேம்பஸுக்கே தெரியும் மேடம்." "உண்மையத்தாம்மா சொல்றேன்" என்றாள் வல்லி. "தெரியும் மேடம்" என்று இசக்கி அழுதுகொண்டே சிரித்தாள், குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி. பின்னால் யாரோ, "இப்படி ஒரு மேடம் கிடைக்கணுமே" என்று மெதுவாய்ச் சொன்னது கேட்டது. மூக்குக்கண்ணாடிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எவ்வளவு மரியாதை அந்தப் பார்வையில், எவ்வளவு பிரியம்! இவ்வளவு வருஷத்தில் எந்த வகுப்பும் அவளை இப்படிப் பார்த்ததில்லை. இன்னும் ஒருதரம் சொல்லலாம். தரையில் ஓங்கி அடித்துச் சொல்லலாம். மூன்றாம் தரம் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்? வல்லி மூச்சை இழுத்தாள். அப்போது உடம்பில் ஒரு கதகதப்புப் பரவியது, கழுத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு. என்ன அது என்று பார்த்தாள். சுகம். சொல்லியும் ஆயிற்று, பேரும் போகவில்லை. இழுத்த மூச்சு வெறும் மூச்சாகவே வெளியே போயிற்று. நாலு மணிக்குத் தான் என்ன சொல்லப்போகிறோம் என்பது அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லிப் பார்த்தேன் சார், அந்தப் பொண்ணே ஒத்துக்க மாட்டேங்குது என்றுகூடச் சொல்லமாட்டாள். ஒன்றுமே சொல்லமாட்டாள்.

மெஷின் சுருதி இறங்கி நின்றது. இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, டியூப்களைப் பத்திரமாய் எடுத்து, ஒரு பொட்டுச் சிந்தாமல் தாங்கியில் வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் பாஸா மேடம்?"

"பாஸ்மா" என்றாள் வல்லி. பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.